பிரான்சு ராஜாவுக்கு எங்கள் ஊரில் தலை போன நாள்

எங்கள் சரித்திர வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இதை நாங்கள் இருவருமே மறைத்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்கும் பல் எல்லாம் கொட்டிவிட்டது. ஆனாலும் அவர் முகம் நினைவுக்கு வந்தால் இன்றும் என் வாய் கசக்கிறது.

பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் நடுவில், ஏரித் தண்ணீரை நம்பி நெல்லும் கரும்பும் வைத்த ஊர் எங்களுடையது. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் சர்க்கார் பள்ளிக்கூடம் நடந்தது. வாத்தியார் புதுச்சேரிப் பட்டணத்துத் தமிழர். வேட்டிக்கு மேல் கோட்டு, காலில் பூட்ஸ். அவரை "முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் கூப்பிடவேண்டும். வாய் தவறி "வாத்தியாரே" என்றால் விரல் முட்டியில் அடி விழும். எங்களை அவர் மாட்டுக்காரப் பசங்கள் என்பார். நாங்கள் மாட்டுக்காரப் பசங்கள்தான். ஆனால் அவர் சொல்லும்போது அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

அவர் எங்கள் ஊருக்கு வந்ததே பெண் எடுத்த வழியில்தான். ஊரில் பாதி நிலம் ஒரே வீட்டுக்குச் சொந்தம். அந்தப் பெரிய வீட்டுக்காரரின் தங்கை மகளைக் கட்டியவர் வாத்தியார். பெரிய வீட்டுக்காரருக்குக் கொம்யூன் என்கிற ஊராட்சிச் சபையில் நாற்காலி உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் அவர் சொன்ன பெட்டியில்தான் எங்கள் ஊர் ஓட்டு விழும். முந்தின தேர்தலில் என் அப்பா வேறு கட்சிக்கு ஓட்டுப் போடப் போவதாக வெளியில் சொல்லிவிட்டார். போய் நின்றால், அவர் ஓட்டை யாரோ முன்னமே போட்டாயிற்று என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன என் பெரியப்பாவும் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா சத்தம் போட்டார். வாசலில் நின்றிருந்த தடியாட்கள் நாலு பேர் அவரை வாய்க்கால் மேட்டில் போட்டு அடித்தார்கள். ஒரு மாதம் இடது கையைத் தூக்கமுடியாமல் இருந்தார். அந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு இல்லை. வகுப்பில் என் இடமும் முன்வரிசையிலிருந்து கடைசிக்குப் போனது.

அந்தக் கடைசி வரிசையில்தான் நான் உலக சரித்திரம் படித்தேன். பாடம் பிரெஞ்சில் இருக்கும். வாத்தியார் ஒரு வரி வாசித்து, அதைத் தமிழில் சொல்லி, பிறகு எங்களில் ஒருவனை எழுப்பி அவன் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்லச் சொல்வார். என்னை எழுப்பியதெல்லாம் நான் திணறவேண்டும் என்றுதான். எனக்குத் திணறத் தெரியாது.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நூறு வருஷம் சண்டை நடந்தது என்று படித்த அன்று, அதைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேட்டார். அவர்களுக்கு மடை ஒன்றும் வாய்க்கால் இரண்டும் இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு நாள் இழுக்காது என்றேன். வகுப்பு சிரித்தது. நாலு அடி விழுந்தது. தெய்வத்தின் குரல் கேட்டதாகச் சொல்லிப் படை நடத்திய பிரான்சுக் குடியானவப் பெண்ணை இங்கிலாந்துக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள் என்று வந்தபோது, நம்மூரில் பிறந்திருந்தால் அவள் கையில் வேப்பிலை கொடுத்துக் குறி கேட்டிருப்பார்கள், உயிராவது மிஞ்சியிருக்கும் என்றேன். அதற்கு வெயிலில் முட்டி போட்டேன். நம் மிளகுக்காகக் கப்பல் ஏறி, திசை தப்பி வேறு தேசத்தில் இறங்கி, அதையே இந்தியா என்று அடம்பிடித்த மாலுமியைப் பற்றிச் சொன்னது எனக்கே இப்போது மறந்துவிட்டது. வழி கேட்கத் தெரியாதவனுக்கு மாலை மரியாதையா என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அன்று பிரம்பு ஒடிந்தது.

பையன்கள் சரித்திர மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். வாத்தியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். கெட்டிக்காரர். அடித்து அலுத்த பிறகு வேறு வழி தேடினார்.

ஜூலை பதினாலாம் தேதி பிரான்சு தேசத்தின் பெரிய திருநாள். பட்டணத்தில் சொல்தா என்கிற சிப்பாய்களின் அணிவகுப்பு, வாணவேடிக்கை என்று அமர்க்களப்படும். எங்கள் ஊரில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பார்கள், வழுக்குமரம் ஏறுவார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் வாத்தியார் பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒரு நாடகம் போடுவதாக அறிவித்தார். ஜனங்கள் சிறைக்கோட்டையை இடித்து, ராஜாவைப் பிடித்து, தலையை வெட்டுகிற நாடகம். புரட்சித் தலைவன் வேஷம் பெரிய வீட்டுக்காரரின் பேரனுக்கு. ராஜா வேஷம் எனக்கு.

"நீ ஒண்ணும் பேச வேணாம்," என்றார் வாத்தியார். "வந்து நில்லு. அவங்க கட்டி இழுத்துக்கினு போவாங்க. கழுத்த நீட்டு. அதுக்கு மேல ஒரு வார்த்த வந்துச்சுன்னா தோல உரிச்சுடுவேன்."

ஊர் பார்க்க, அந்த வீட்டுப் பையன் காலடியில் நான் மண்டியிட வேண்டும் என்பதுதான் அவர் ஏற்பாடு. பன்னிரண்டு வயதிலும் அது எனக்குப் புரிந்தது. வீட்டில் ராஜா வேஷம் என்று மட்டும் சொன்னேன். அம்மா தன் அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். தலை போகிற ராஜா என்பதைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பெரிய வீட்டுக்காரர், அவர் பக்கத்தில் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர். அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தின் கடைசியில், ஒரு பூவரச மரத்தில் சாய்ந்தபடி நின்றிருந்தார். மேடையில் தலை வெட்டுகிற யந்திரத்துக்குப் பழைய நுகத்தடியும் மண்ணெண்ணெய் டின் தகடும் தயாராக இருந்தன. வெட்டின தலையாக உருளுவதற்கு, மூக்கும் மீசையும் எழுதிய பூசணிக்காய் ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ராஜா என்றால் கூத்து ராஜாதான். நாங்கள் பார்த்த ராஜாக்கள் எல்லாரும் திரைக்குப் பின்னால் நின்று கர்ஜித்து, திரை விலகியதும் சுற்றிச் சுற்றி வந்து, தங்கள் பெருமையைத் தாங்களே பாடிக்கொள்கிறவர்கள். நான் திட்டம் எதுவும் போடவில்லை. பட்டுப் புடவையைப் போர்த்திக்கொண்டு, தங்கக் காகிதக் கிரீடத்தோடு வெளியே வந்தேன். இத்தனை முகங்களைப் பார்த்ததும் கால் தானாகக் கூத்துக்காரர் சுற்றுகிற கிறுக்கி ஒன்றை அடித்தது. புடவை விரிந்து சுழன்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. வந்தேனே பிரான்சு மகாராசன் வந்தேனே என்று பாடிக்கொண்டே மூன்று சுற்று வந்துவிட்டேன். வாத்தியார் ஓரத்தில் நின்று பல்லைக் கடித்துக் கையசைத்தார். இவ்வளவு பேர் பார்க்கும்போது அவரால் ஏறி வந்து என்னை இழுக்க முடியவில்லை.

கூத்தில் ராஜா வந்தால் கோமாளி கேள்வி கேட்கவேண்டும். வாத்தியார் நாடகத்தில் கோமாளி இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு கரும்பு வெட்டுகிறவர் எழுந்து அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார்.

"ராசாவே, உமக்கு எந்த ஊரு?"

பிரான்சு என்றேன்.

"அங்க இன்னா ஆட்சி பண்ணீரு?"

பாடத்தில் படித்ததைச் சொன்னேன். உப்புக்கு வரி போட்டேன், குடியானவன் நெல்லை அளந்து கொண்டு போனேன், கேட்டவனைக் கோட்டையில் அடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு ஒரு போதை. கரும்பு வெட்டுகிறவர், அப்புறம் அப்புறம் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பாடம் தீர்ந்துவிட்டது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"ஏரித் தண்ணிய என் கழனிக்குத் திருப்பிக்கினேன். செத்தவன எழுப்பியாந்து ஓட்டுப் போட வெச்சேன். உசுரோட வந்தவன வாய்க்கா மேட்டுல போட்டு அடிச்சேன்."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். அதன்பின் முற்றம் முழுக்க வெடித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புரட்சித் தலைவனாக நின்ற பேரனுக்குத் தன் வசனம் மறந்துபோய், அவனும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தான். வாத்தியார் வெள்ளையாகிப்போன முகத்தோடு, வெட்டுங்கடா என்று கத்தினார். பையன்கள் என்னைத் தள்ளி, நுகத்தடியில் கழுத்தை வைத்து அழுத்தினார்கள். தகடு விழுந்தது. பூசணிக்காய் உருண்டு மேடையை விட்டு இறங்கி, நேரே போய்ப் பெரிய வீட்டுக்காரரின் செருப்பில் முட்டி நின்றது.

அவர் எழுந்து போகவில்லை. கோபப்படவும் இல்லை. குனிந்து பூசணிக்காயைப் பார்த்தார், புன்னகை செய்தார், கைதட்டினார். அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் நான் நுகத்தடியிலிருந்து கழுத்தை எடுத்துக் கிரீடத்தைக் கழற்றினேன்.

மறுநாள் காலையில் கழனிக்குப் போகிற வழியில் அவர் அப்பாவை நிறுத்திப் பேசினார். தேர்தலுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. அப்பாவுக்குப் பின்னால் மண்வெட்டியோடு நானும் நின்றிருந்தேன். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உம் பையன் நல்லா ஆடறான்பா. கூத்துக்கு அனுப்பு. இவனுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போனபோது வாத்தியார் வாசலிலேயே மறித்தார். அடிக்கக்கூட இல்லை. உனக்கு இங்கே இடம் இல்லை என்று சொல்லி, என் சிலேட்டுப் பலகையைப் பிடுங்கி வெளியே வீசினார். பரீட்சை எழுதச் சேர்த்திருந்த என் பெயரையும் அன்றே அடித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அந்த வாரம் முதல் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை வரவில்லை. மடை திறக்கிறவரைக் கேட்டால், மேல்வயல் இன்னும் முடியவில்லை என்பார். மேல்வயல் அந்த வருஷம் முழுக்க முடியவே இல்லை. இடுப்பளவு வந்த கரும்பு நுனி கருகி நின்றது.

அம்மா, போய்க் காலில் விழுந்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டார். நான் அவருக்காகப் பேசினதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை மெச்சிச் சொல்வார் என்று நாள்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் காய்ந்த கரும்பை அறுத்துக்கொண்டிருந்தபோது நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், நான் சொன்னது நிஜம்தானே என்று. அரிவாளைக் கீழே போட்டார்.

"அடி வாங்கினவன் நானு. அத ஊரு சிரிக்க ஆடிக் காட்ட நீ யாருடா? நான் உன்னக் கேட்டனா?"

குனிந்து அரிவாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். நான் செய்தது தப்பு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. அன்று முற்றத்தில் சிரித்தவர்களில் ஒருவர்கூட எங்கள் வயலுக்கு ஒரு சால் தண்ணீர் விடவில்லை. கரும்பு வெட்டுகிறவர் எங்கள் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

ஆனாலும் அப்பா என்னைப் படிக்காமல் விடவில்லை. ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. கடலூரில் தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஊர் திரும்பும்போது, வாயை மூடிக்கொண்டு படி என்று மட்டும் சொன்னார்.

அங்கே சரித்திரம் தலைகீழாக இருந்தது. எங்கள் ஊர்ப் பாடத்தில் பிரான்சு ஜெயித்த சண்டைகள் வரும். இங்கே இங்கிலாந்து ஜெயித்த சண்டைகள் மட்டும் வந்தன. ஒரு நாள் பக்கத்தைத் திருப்பினால் பாகூர் என்று இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஏரிக்குப் பக்கத்தில் இரண்டு சேனைகளும் மோதி, பிரெஞ்சுக்காரர்கள் தோற்று ஓடியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. புது வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, இதோ தோற்றவர்களின் பிரஜை என்று வகுப்புக்குக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யாரை ஆறு மாதம் கேலி செய்தேனோ அவர்களுக்காக, ராஜாவின் தலையையே எடுத்தவர்கள் நாங்கள், நீங்கள் இன்னும் ராஜாவுக்குக் கும்பிடு போடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த வாத்தியாரின் பிரம்பு எங்கள் ஊர்ப் பிரம்பைவிட மெல்லியது. ஆனால் கூடுதலாக எரிந்தது.

பெஞ்சுமேல் ஏறி நின்றபடி அந்த மணி முடியும்வரை யோசித்தேன். இரண்டு பக்கத்திலும் எனக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரனும் எங்களுக்கு உறவு இல்லை, இங்கிலீஷ்காரனும் உறவு இல்லை. பரீட்சைக்கு அவர்கள் என்ன எதிர்பார்த்தார்களோ அதை மட்டும் எழுதினேன். இங்கிலாந்து ஜெயித்ததற்குக் காரணங்கள் கேட்டிருந்தார்கள். கேட்டதற்குமேல் இரண்டு சேர்த்தே எழுதினேன். வகுப்பில் சரித்திரத்துக்கு நான்தான் முதல் என்று மாமன் ஊருக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த சந்தை நாளில் அப்பா கடலூர் வந்தார். தோளில் ஒரு சாக்கில், மடைத் தண்ணீர் இல்லாமல் மழையில் விளைந்த புது அரிசி. என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். இரண்டு பேரும் மாமன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.