மிட்டாய் பாட்டிலில் ஒரு ஃபைட்டர்

எண்பதுகளில் வாத்தியார் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு மீன். புடவை இல்லை, கைக்கடிகாரம் இல்லை, மீன்! சேலத்தில் ஒரு கடையில் ஃபைட்டர் என்று சொல்லி விற்றார்கள். கட்டை விரல் நீளம்தான். நீலமும் சிவப்புமாக, வாலை விரித்தால் பட்டுப் பாவாடை சுழல்வது போல இருந்தது. "ஒண்டியா வெச்சுக்கங்க, இன்னொரு ஆம்பளை மீனைச் சேத்தா ஒண்ணுதான் மிஞ்சும்" என்றார் கடைக்காரர். மீதியெல்லாம் எனக்கே தெரியும் என்று கிளம்பிவிட்டேன். அந்த வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை.

தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பள்ளிக்கூடம் இருந்த பாப்பாரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை ஒருவரையும் பக்கத்தில் அண்டவிடவில்லை. அங்கே, என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அக்கா தர்மபுரிப் பாத்திரக் கடைக்காரர் மகள். பெட்டிக்கடையில் கேட்டு வாங்கிய மிட்டாய் பாட்டிலில் மீனை விட்டதும் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குச் சேத்து வைடின்னா மீனு வாங்கியாந்துருக்கா! எத்தன நாளைக்கு உசுரோட வெச்சிருக்கேன்னு பாக்குறேன்."

"பாருங்க, பாருங்க" என்றேன். சாகவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

எங்கள் வீட்டில் நேற்றுத் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது. விடிந்ததும் குடத்தைக் கவிழ்த்து, புளி போட்டு விளக்கி, புதுத் தண்ணீர் பிடித்த பிறகுதான் அடுப்பு. மீனுக்கும் அதே மரியாதை செய்தேன். தினமும் அதைக் கிண்ணத்துக்கு மாற்றி, பாட்டிலைத் தேங்காய் நாரால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிறைத்தேன். தண்ணீர்மேல் தினமும் கொஞ்சம் நுரை கட்டியிருக்கும். சோப்பே போடவில்லையே, அழுக்குதான் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"மீனுக்கு வாச்ச வாழ்வப் பாரு" என்பார் அக்கா.

பத்து நாளில் மீன் வெளுத்தது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. மாட்டுத் தொட்டியிலிருந்து நான் அரித்து வந்த கொசுப் புழுக்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுரையும் நின்றுபோனது. நம் சுத்தம் வேலை செய்கிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

அந்த வாரம் ஊர் மோட்டார் பழுதாகிக் குழாயில் காற்றுதான் வந்தது. தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த இரண்டு குடமும் குடிக்கவே போதவில்லை. மீனுக்கு ஒரு செம்பு மொண்டேன்.

"அந்தக் குடத்துல கை வெச்சே, மீன வறுத்துப்புடுவேன்!"

அழுக்குத் தண்ணீரில் சாகப்போகிறதே என்று அழுதுகொண்டே படுத்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மீன் மேலே நிற்கிறது! நிறம் திரும்பிவிட்டது. போட்ட புழுவெல்லாம் ஒரே கவ்வில் காலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டணா அகலத்துக்கு நுரை இருந்தது. பாட்டிலோடு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கியது. நுரைக்கு அடியில் போய் ஒரே ஒரு குமிழியை ஊதி ஒட்டியது. திரும்ப வந்தது, திரும்ப ஒட்டியது. கழன்று ஓடிய ஒரு குமிழியை வாயில் கவ்விக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தது.

"அக்கா, ஓடியாங்க! வூடு கட்டுதுங்க்கா!"

மாவுக் கையோடு ஓடி வந்த அக்கா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இத்தன நாளும் இதத்தான் தேச்சு ஊத்துனியாடி?"



வாசலில் குழாய் கனைத்தது. தெருவே குடத்தோடு ஓடியது, அக்காவும் ஓடினார். நான் பழக்க தோஷத்தில் பாட்டிலைத் தூக்கினேன். மீன் நுரைக்கு முன்னால் வந்து நின்று, செவுளை விரித்துக்கொண்டு என் மூக்குக்கு நேரே சண்டைக்கு வந்தது.

பாட்டிலை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தேன்.