சிக்ரிட் என்றால் என்ன அர்த்தம்

என் பெயர் சிக்ரிட். இடுக்கியில் எங்கள் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு வீடு புனிதர்களின் பெயர்கள். நான் மட்டும் இப்படி.

காரணம் வீட்டு ரகசியம். அப்பாவுக்கு மானேஜர் பங்களாவில் மாடு கறக்கிற வேலை. பங்களா மேடம் புத்தகம் பார்த்து மாடுகளுக்குப் பெயர் வைப்பார். அதில் ஒரு ஜெர்சி மாட்டின் பெயர் சிக்ரிட். அதைத்தான் அப்பா எனக்கும் வைத்தார். இதற்காக அவரை நான் திட்டாத நாளில்லை.

வண்டன்மேட்டிலிருந்து ஒரு ஏலத்தோட்டக் குடும்பம் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். போட்டோவிலேயே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு மாட்டால் அது கெட்டுப்போகக் கூடாதே! செல்போனில் என் பெயருக்கு அர்த்தம் தேடினேன். பழைய நார்ஸ் மொழிப் பெயராம். முன்பாதிக்கு வெற்றி, பின்பாதிக்கு அழகு என்று பொருளாம். ஸ்வீடன், நார்வே பக்கம் ராணிகளே வைத்துக்கொண்ட பெயராம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"யாரு கேட்டாலும் ராணி பேருன்னு சொல்லுங்கப்பா. மாட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அப்பா தலையாட்டினார். ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் என் பயம்.

வந்தார்கள். ஏலத்தோட்டக்காரர்களுக்கு ஏலக்காய் டீ கொடுத்தோம், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"பேரு புதுசா இருக்கே. எந்தப் புனிதர் பேரும்மா?"

"நார்வே ராணி பேரு அத்தை. வெற்றி, அழகுன்னு அர்த்தம்." கடகடவென்று ஒப்பித்தேன்.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "ராணி பேர எங்கண்ணே பிடிச்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அது மாட்டுப் பேரு தங்கச்சி" என்று சொல்லியேவிட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"இவ பொறந்தப்ப இவ அம்மாவுக்கு ரொம்பச் சீக்கு. பால் இல்ல. ரெண்டு மாசம் அந்த மாட்டுப் பாலுதான் இவளக் காப்பாத்துச்சு. ஞானஸ்நானத்துக்குப் பேரு கேட்டாங்க. என் வாயில வேற பேரே வரல."

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "மாடு எப்படிண்ணே?"

"தங்கமான மாடு. ஒருநாளும் ஒதைச்சதில்ல."

"பொண்ணு?"

அப்பா மறுபடியும் கூரையைப் பார்த்தார். "இது ஒதைக்கும் தங்கச்சி."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அன்றே பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. நான் கோபமாக எழுந்தால் அத்தை இன்றும் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்.