குத்தம் வேற, குற்றம் வேற

பவளராணி அக்கா இறந்த செய்தி எனக்கு முதலில் வந்தது, சிறையிலிருந்து மீண்ட ஒரு பெண்ணிடமிருந்து. இதைச் சொல்லித்தான் தொடங்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். சங்கடப்படுகிறவர்கள் சங்கடப்பட்டுக்கொள்ளட்டும். லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். போனில் மாரியாயி. நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ் கழுவிக் கட்டுகிறவர். அக்காவின் வாடகை அறைக்குப் பக்கத்தில் இருப்பதால் வேலைக்குப் போகுமுன் தினமும் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பார். "சார், கதவத் தட்டிப் பாத்தேன், தெறக்கல. வீட்டுக்காரரு ஒடைச்சுப் பாத்தா... மிஸ் தூக்கத்துலயே போயிட்டாங்க சார்" என்றார். அழவில்லை. அடுத்து யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். "ஐயோ, பாவம்" என்றார். நல்ல மனுஷிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏனென்றால் எங்கள் அக்கா தம் முன்னால் யாரும் சொல்லக் கூடாது என்று தடை போட்டிருந்த ஒரே வார்த்தை அதுதான்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அது நினைவிருக்கும். பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில், கொழுந்து எடுக்கும் தாய்க்குப் பிறந்து, படித்து, உளவியல் ஆராய்ச்சிக்குப் போனவர். எடுத்துக்கொண்ட விஷயம் யாரும் தொடத் தயங்குவது: குற்றம் செய்து சிறையிலிருப்பவர்களின் மனநிலை. மனநல கிளினிக்கில் சமூக சேவை அலுவலராக இருந்த நான், அவருடைய ஆய்வுக்கு உதவியாக அனுப்பப்பட்டேன். சிறைக்கு முதல் தடவை போனபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கண்டு "பாவம்க்கா" என்றேன். அக்கா நடையை நிறுத்திவிட்டார். "தம்பி, பாவம்னு சொல்லிட்டா நம்ம வேல முடிஞ்சிருது. வீட்டுக்குப் போயி நிம்மதியா சோறு திங்கலாம். அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க வந்திருக்கீங்களா, சோறு திங்க வந்திருக்கீங்களா?" அன்று மத்தியானம் சிறைக்கு வெளியே இருந்த கடையில் எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பரிப்புக் கறி உறைக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டதும் அவர்தான்.

அந்தப் பெண்தான் மாரியாயி. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவருக்குத் தூக்கம் அற்றுப்போயிருந்தது. கூரைக்குள் எவரோ ஒளிந்திருந்து பிள்ளையைக் கேட்பதாக ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்ததாம். ஒரு நாள் லயத்துக் கோடியில் அடுக்கியிருந்த விறகில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டார். பக்கத்துக் குடும்பம் இருந்த காம்பிராவும் சேர்ந்து எரிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் தீயை அணைக்கப் போன பக்கத்து வீட்டு நடேசன் அண்ணனின் வலது கை வெந்துபோனது. பொலிஸ் மாரியாயியைப் பிடித்துப்போனது. நீதிமன்றத்தில் நீதவான் கேட்டதற்கெல்லாம் அவர் சொன்ன ஒரே பதில்: "குத்தமாயிருச்சுங்கய்யா. என்னால குத்தமாயிருச்சு." மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சிங்களத்துக்கு மாற்றினார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று ஆயிற்று.

அக்காவிடம் அப்போது வெளிநாட்டிலிருந்து கொழும்பு வழியாக வந்த ஒரு கேள்விக்கொத்து இருந்தது. அதன் முதல் கேள்வி, "நீங்கள் செய்த குற்றத்தைப் பற்றி வருந்துகிறீர்களா?" சிறையிலிருந்த தோட்டத்துப் பெண்களிடம் அதைக் கேட்டோம். ஒருவர், "ஆமாங்க, ஆடி மாசம் சேவல் அறுக்காம விட்டுட்டோம்" என்றார். இன்னொருவர் தீட்டோடு கோயிலுக்குள் போனதைச் சொல்லி அழுதார். மாரியாயி சொன்னது, தேயிலை ஸ்டோருக்குக் காவலிருக்கும் ரோதமுனி சாமிக்கு நேர்ந்துகொண்ட பொங்கலை வைக்காததைப் பற்றி. அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். இருமல் வந்து தண்ணீர் குடித்தார். பிறகு அவர் முகம் மாறியது. நம் லயங்களில் குத்தம் என்றால் சாமி குத்தம். யாரும் 'சாமி' என்று சேர்த்துச் சொல்வதுகூடக் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் குத்தம்தான். மாரியாயி தனக்கு வந்த விபரீதத்துக்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறார், அதை நீதிமன்றம் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. "இந்தப் பொண்ணு ஒடம்புக்கு முடியலன்னு நம்ம பாஷையில சொல்லியிருக்கு தம்பி. கேட்டவங்க காதுல வேற மாதிரி விழுந்திருக்கு" என்றார் அக்கா.

மொழிபெயர்ப்பாளரைப் போய்ப் பார்த்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு போன அக்காவுக்கு அங்கே சண்டை கிடைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் தலையில் கை வைத்துவிட்டார். "தெய்வக் குற்றம் எண்டு சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும் மிஸ். அவ வெறுமனே குத்தம் எண்டுதானே சொன்னவ. எங்கட பக்கம் குற்றமெண்டா குற்றம்தான். இதை நான் கோட்டிலயே சொல்லுறன்." சொன்னபடி சொல்லவும் செய்தார்.

அக்காவும் சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "நீங்கள் மொழியியல் படித்தவரா?" என்று கேட்டார். "இல்லை, லயத்தில் பிறந்தவள்" என்று அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். அதோடு விடவில்லை. "எங்க வீட்டுல மாடு செத்தாலும் குத்தம், மழை பெய்யாட்டியும் குத்தம். அதையெல்லாம் குற்றம்னு எடுத்தா முழுத் தோட்டத்தையும் உள்ள போடணும்" என்கிற பொருள்பட ஒரு போடு போட்டார். நீதவானே சிரித்துவிட்டார். மாரியாயியை மனநல மருத்துவரிடம் அனுப்பி அறிக்கை பெற உத்தரவானது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் கடுமையான மனநோய் என்று அறிக்கை வந்தது. மருந்தும் கண்காணிப்பும் என்ற நிபந்தனையோடு அவர் வீட்டுக்கு வந்தார்.

வீடு என்று சொல்லிவிட்டேன். லயத்தில் அவரை உள்ளே விட யாரும் தயாராக இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். கோயில் கமிட்டி, குத்தத்துக்குப் பரிகாரம் செய்யாமல் பால்குடம் எடுக்கக் கூடாது என்றது. நான் பகுத்தறிவு பேசத் தொடங்கினேன். அக்கா என் காலை மிதித்தார். "சாமி குத்தத்த சாமி பாத்துக்கிரட்டும். பொங்கல் வைக்கணுமா, வைக்கட்டும். ஆனா மாத்திரைய யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது. சொன்னா நான் இங்கயே உக்காந்துருவேன்." உட்காரவும் செய்தார், கமிட்டித் தலைவர் வீட்டு வாசல் இஸ்தோப்பில், அந்தக் குளிரில். மாலைக்குள் அவர்கள் அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார்கள்.

நடேசன் அண்ணன் மட்டும் மசியவில்லை. சுருண்ட விரல்களை நீட்டி, "அவளுக்கு நோய்னு பேரு வச்சிட்டீங்க. என் கைக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார். அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "அதுக்கும் பேரு வேணும்ணே. அவங்க நோயும் நெசம், ஒங்க கையும் நெசம். ஒண்ணச் சொல்லி இன்னொண்ண அழிக்க நான் வரல." அதன் பிறகுதான் அவருடைய ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களோடும் பேச வேண்டும் என்பது சேர்ந்தது. நடேசன் அண்ணனைக் கைக்கு வைத்தியம் பார்க்க அவரே கூட்டிப்போனார். வழியெல்லாம் அண்ணன் திட்டிக்கொண்டே வந்தார். அக்காவும் சளைக்காமல் திருப்பித் திட்டினார்.

கேள்விக்கொத்தை அவர் தூக்கி எறிந்ததற்குக் கொழும்பில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு. உலகம் முழுவதும் பயன்படுத்தும் அளவுகோல், மாற்றக் கூடாது என்றார் ஒரு பேராசிரியர். "சார், அந்த உலகத்துல எங்க லயமும் இருக்குதானே?" என்றார் அக்கா. அந்த ஆண்டு ஆய்வுக்கான உதவி நின்றது. சொந்தச் செலவில் பஸ்ஸில் போய்ச் செய்தார். அவருடைய முதல் கேள்வி இப்படி ஆனது: "என்ன நடந்துச்சுங்க?" கடைசியில் வரும் அந்த 'ங்க' மிக முக்கியம். சிறைக்குள் எல்லோரும் வா, போ என்று அதட்டும் இடத்தில், கொலைக் கைதியிடமும் அவர் 'ங்க' போட்டுத்தான் கேட்டார். கேட்கப்பட்டவர்கள் சில நேரம் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், வேறு யாரையோ கேட்கிறார் என்று.

பூண்டுலோயாவில் இறுதிச் சடங்கு. மாரியாயியும், அக்காவால் மீண்ட இன்னும் சிலரும் ஒரு வேனில் வந்திருந்தார்கள். மாலையோடு அவர்கள் முன்னே வந்தபோது, மைக்கைப் பிடித்திருந்த ஊர்ப் பெரியவர் என் காதில், "இவங்க முன்னுக்கு வேணாம் தம்பி. போட்டோ எடுக்கிறாங்க, பெரிய ஆக்கள் வந்திருக்காங்க" என்றார். நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நடேசன் அண்ணன்.

"இந்தாங்க, என் கையப் பாருங்க. கொளுத்துனது இந்தப் பொண்ணுதான். நான் இன்னும் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அவ மாலை போடாம இந்த வீட்டுலருந்து பொணம் எடுக்கக் கூடாது."

பெரியவர் மைக்கை இறக்கினார். மாரியாயி முன்னே போய் மாலையைப் போட்டார். நடேசன் அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அஞ்சலிப் பதாகையில் 'சமூக சேவகி' என்று அடித்திருந்தார்கள். சிறை, கைதி என்று போட்டால் குடும்பத்துக்கு நன்றாக இராதாம். பதினாறாம் நாளுக்கு நான் வேறு பதாகை அடித்தேன். 'சிறைப்பட்டவர்களின் மனநலத்தை ஆராய்ந்தவர்' என்று, தூரத்திலிருந்தும் தெரியும் எழுத்தில். அதைக் கழற்றச் சொன்னவர்களுக்கு, ஏணி என்னிடம் இல்லை என்றேன்.

கல்யாணம் கட்டவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை, கண்டவர்களுக்காக அலைந்தே போய்விட்டார், பாவம் என்று இன்னமும் என்னிடம் சொல்கிறார்கள். சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் நம் வேலை முடிந்துவிடும். முடியவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியும் அதன் வாலில் இருக்கிற 'ங்க'வும். நேற்று சிறைக்குப் போயிருந்தேன். புதிதாக வந்த ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "அது பேசாது, விடுங்க" என்றார் காவலர். நான் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

"என்ன நடந்துச்சுங்க?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தாங்க" என்றேன்.