அப்பா எடுத்துக் கொடுத்த முந்திரிக் கொட்டை

ஆண்டிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டு வேண்டாம், முந்திரிக் கொட்டையே போதும். கொட்டைகளை வரிசையாக வைத்து, தூர நின்று ஒரு பெரிய கொட்டையால் அடிப்பார்கள். சிதறியதெல்லாம் அடித்தவருக்கு.

சின்ன வயதில் நான் அதை ஆடினால், அப்பா கொட்டைகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிடுவார். "வெளாட்டு கேக்குதா ஒனக்கு? போயி பொறுக்குடா!" பள்ளிக்கூடம் போகாததால் எனக்கு எதுவும் மறக்காது. மண்டையில்தான் இடம் நிறைய இருந்ததே.

அதே அப்பா, 1980களில் என் ஆறு வயது மகளோடு மண்ணில் மண்டி போட்டு ஆடினார். தோப்பையே சலித்து, அவள் அடிப்பதற்கு ஒரு பெரிய கொட்டை எடுத்துக் கொடுத்தார். "எங்க ஆத்தா வச்ச குறி தப்பாது!" என்று பேத்தியை மெச்சினார். எனக்கு வயிறு எரிந்தது.

மதியம் அவள் தூங்கும்போது அந்தக் கொட்டையை எடுத்தேன். தின்றுவிட்டால் தடயம் இருக்காது. சுட்டால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று பச்சையாகவே கடித்தேன். தோட்டில் இருக்கும் எண்ணெய் உதட்டைப் புண்ணாக்கும் என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

சாயங்காலம் என் உதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"தாத்தா, என் கொட்டையக் காணும்" என்று மகள் அழுதாள். அப்பா என் வாயைப் பார்த்தார்.

"பச்சப்புள்ளகிட்டயாடா போட்டி? ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பனே."

இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ப்ப்பா" என்று மட்டும் வந்தது. அதற்குள் அவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.