அணுக்கள் அவசரப்பட்ட நாள்

திருவனந்தபுரம் வந்த புதிதில், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினமும் ஒரு கேள்வி கேட்பார்கள். "பஞ்சாரயிடட்டே?" எனக்கு விளங்காது. எதற்கு வம்பு என்று "வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். இந்த ஊரில் டீ கசப்பாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று ஒரு மாதம் குடித்தேன். பஞ்சாரை என்றால் சர்க்கரை என்று பிறகு தெரிந்தபோது வெட்கமாகிவிட்டது. காரணம், என் வேலையே சர்க்கரையை அளப்பதுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் முத்தையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏளா, நீ படிச்சவ. ஒனக்கே இப்பிடின்னா என் கதி?"

நாங்கள் தென்காசிப் பக்கம். அவருக்கு ஆரியசாலையில் ஒரு பருப்பு மொத்தக் கடையின் கிட்டங்கியில் வேலை. முதலாளி தமிழர், மூட்டை தூக்குகிறவர்களும் தமிழர்கள். அதனால் மலையாளம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. நான் ஒரு வருடத்தில் பேசப் பழகிவிட்டேன். வீட்டுச் சொந்தக்கார அம்மா சாரதம்மாவிடம் பேசவும், ரேஷன் அட்டைக்கு எழுதிப் போடவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்னைத்தான் முன்னால் விடுவார்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பார்த்தது, கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களை. கண்ணாடித் தட்டில் சிவப்பு நிறத் திரவத்துக்குள் அவற்றை வளர்ப்போம். சும்மா இருக்கும்போது அந்த அணு கொஞ்சமாகச் சர்க்கரை எடுத்து, பிராணவாயுவோடு சேர்த்து, முழுசாக எரித்துக்கொண்டு நிதானமாக உயிர்வாழும். கிருமியின் தோல் துணுக்கு ஒன்றைத் திரவத்தில் போட்டால் அதன் நடத்தையே மாறிவிடும். சர்க்கரையை மொண்டு மொண்டு விழுங்கும். முழுசாக எரிக்கப் பொறுமை இருக்காது. பாதி எரித்ததை அமிலமாக வெளியே தள்ளிவிடும். பார்க்க ஊதாரித்தனமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது வேகம். சண்டைக்கான ஆயுதத்தை உடனே செய்தாக வேண்டும், அதற்கான சரக்கும் அந்தச் சர்க்கரையிலிருந்துதான் வரவேண்டும். அமிலம் ஏற ஏற, தட்டிலிருக்கும் சிவப்புத் திரவம் ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகும்.

அந்த ஆடி மழையில் கிட்டங்கிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. எலிகள் ஓடும் இடம். இரண்டு நாள் அந்தத் தண்ணீரில் நின்று மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி, கண் இரண்டும் சிவப்பு. பக்கத்திலிருந்த சிறிய கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். மழைக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த இரண்டாம் நாள் காலையில், "ஒண்ணுக்கு சரியா போக மாட்டேங்குளா, சொட்டு சொட்டாத்தான் போகு," என்றார். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டிலிருந்து திரவம் எடுத்து அளக்க வேண்டிய நாள். பல வாரமாகச் சரியாக வராத சோதனை.

"நீயும் வாயேன். டாக்டரு பேசுதது எனக்குப் பாதி விளங்க மாட்டேங்கு."

"இன்னைக்கு முடியாதுங்க. மூத்திரம் குறவாணு அப்படின்னு சொல்லுங்க, அது போதும். எங்க, ஒரு தடவ சொல்லுங்க."

"மூத்திரம் குறவாணு," என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒப்பித்தார். நான் சிரித்துவிட்டுப் படியிறங்கினேன். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவி மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லீவு கொடுத்திருப்பார். நான் கேட்கவே இல்லை.

அன்று சோதனை பலித்தது. மத்தியானத்துக்குள் கிருமித் துணுக்கு போட்ட தட்டுகள் எல்லாம் ஆரஞ்சாகி, சாயங்காலம் நல்ல மஞ்சளாக நின்றன. போடாத தட்டுகள் சிவப்பாகவே இருந்தன. மேடம் என் தோளைத் தட்டி "நன்னாயி" என்றார். வீடு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் அவர் சுவரோரமாகச் சுருண்டு படுத்திருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சள் பூத்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நான் வாயைத் தொறக்குமுன்னயே அவரே கேட்டுட்டாரு. 'குறவுண்டோ'ன்னாரு. நீ சொல்லித்தந்த வார்த்தை பாரு, டக்குனு விளங்கிட்டு. 'குறவுண்டு'ன்னேன். அவரும் சிரிச்சுட்டு, அதே மாத்திரையைத் தின்னச் சொல்லிட்டாரு."

இங்கே நோயாளியிடம் "குறவுண்டோ" என்றால், நோய் குறைந்திருக்கிறதா, உடம்பு இப்போது தேவலையா என்று அர்த்தம். தேவலை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்து அனுப்பியது நான்.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாரதம்மா அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எலிப்பனி என்றார்கள். இங்கே பனி என்றால் காய்ச்சல். சிறுநீரகம் நின்றுவிட்டது, ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார்கள். அமிலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கண்முன்னால் அந்த மஞ்சள் தட்டுகள் வந்தன. அவருக்குள்ளே கோடிக்கணக்கான அணுக்கள் சர்க்கரையை அள்ளி அள்ளிப் பாதியாய் எரித்துக்கொண்டிருக்கின்றன, அவருக்காகத்தான் சண்டை போடுகின்றன என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் இரண்டு தடவை போட்டார்கள். மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில் இறந்துபோனார்.

"அன்றைக்குக் காலையிலேயே கொண்டுவந்திருந்தால்?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அதொந்நும் இப்போ ஆலோசிக்கண்டா," என்றார். அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாமாம்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மேடத்திடம் கேட்டேன். அவர் ரத்தத்தில் ஏறிய அமிலம் முழுக்க வெள்ளையணுக்கள் தள்ளியதுதானா? "அது மாத்ரம் அல்ல, கனி," என்றார் மேடம். சிறுநீரகம் நின்றால் அமிலம் வெளியே போக வழியில்லை. ரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டால் உடம்பின் மற்ற அணுக்களும் மூச்சு முட்டி அதே பாதி எரிப்புக்குப் போய்விடும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தப் பிடிமானமும் போயிற்று. அவை அவருக்காகச் சண்டை போட்டன என்பதையாவது வைத்துக்கொண்டிருந்தேன்.

"குறவுண்டு" என்று அவர் சொன்ன கதையை ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. மாமியார், "மலையாளத்து டாக்டரு கவனிக்காம விட்டுட்டான்," என்று இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் எனக்கு வேலை இல்லை, அதனால் இங்கேயே இருக்கிறேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப்போல எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவர்களுக்கும் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

ஊரில் இறந்தவருக்குத் திதி பார்ப்பார்கள். இங்கே நட்சத்திரம். அதனால் வருடா வருடம் அவருக்கு நினைவு நாள் இரண்டு வருகிறது. போன வருடம் நட்சத்திரம் முதலில் வந்தது. சாரதம்மா என்னைக் கரமனை ஆற்றுப் படித்துறைக்குக் கூட்டிப்போனார். பலி என்றால் இங்கே இறந்தவருக்குப் பிண்டம் வைப்பது, அதைப் பெண்களே இடலாம். ஈரப் புடவையோடு வரிசையில் உட்கார்ந்தேன். "மரிச்ச ஆளெ மனசில் விசாரிச்சோளூ," என்றார் சடங்கு செய்து வைப்பவர். நினைத்துக்கொள் என்று அர்த்தம், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காதில் தமிழாகவே விழுந்தது. நான் அவரை விசாரித்தேன். அன்றைக்கு நான் கூட வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டேன். இன்னொரு தடவை கேட்பதற்குள், "சேச்சி, ஒந்நு மாறுமோ," என்று பின்னாலிருந்த பெண் தோளைத் தொட்டாள். எழுந்து இடம் விட்டேன்.

மறுநாள் ஊரில் திதி. கொழுந்தன் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டான். மந்திரத்துக்கு நடுவே அவர் பெயரையும், அவர் அப்பா பெயரையும், ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. நான் மேல்படியில், பெண்களோடு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைக் கீழே கூப்பிடவில்லை.