காய்ந்திருந்த கார்புரேட்டர்

மாமாவின் படகு மோட்டாரைப் பிரித்தபோது கார்புரேட்டரின் அடிக்கிண்ணம் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தது. எட்டு மாதம் தார்ப்பாய்க்கடியில் கிடந்த மோட்டார். படகை விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னதால் சர்வீஸ் செய்ய வந்திருந்தேன். பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும், சுரண்டியே விரல் தேயும் என்று தின்னரும் பழைய டூத் பிரஷும் கொண்டுபோயிருந்தேன். சுத்தம் செய்ய எதுவும் இல்லை.

மாமா என் அக்காவின் கணவர், ஊரூர் குப்பத்தில் மீன்பிடித்தவர். நான் அடையாற்றில் பைக் மெக்கானிக். மோட்டாரை என்னைத் தவிர யாரையும் தொடவிடமாட்டார். என்னையும் சும்மா விடமாட்டார். "பாத்து நைனா, இது உன் பைக்கு இல்ல" என்பார். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கரை திரும்பும்போது மறுபடி பெட்ரோல், அதோடு சரி. புயல், மழை என்று வாரக்கணக்கில் படகு கரையேறினால் மட்டும் எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சமிருப்பது எரிந்து மோட்டார் தானாக அடங்கும்வரை ஓடவிடுவார். மற்ற நாளில் கேட்டால், "நாளிக்கு கடலுக்குப் போறவன் இன்னாத்துக்குக் காய வெக்கணும்?" என்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவரிடம் குடல்புண் என்றுதான் சொன்னோம். மூன்று நாளில் வீடு திரும்பிவிடலாம் என்றோம். புற்று என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். வியாதியின் பெயரை நோயாளியிடம் சொல்லாதது எங்கள் வீடுகளில் வழக்கம். பொய் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று நாள் ஐந்து வாரமானது. "மோட்டாரு வீணாப் போயிக்கினு கீது நைனா" என்பார். "நீயே வந்து பாரு மாமா" என்பேன். முகம் மாறாமல் சொல்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் போன அன்று ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், பந்தலுக்குச் சொன்னேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே மரத்துக் கிடக்கிறது.

அக்கா எதிரே மணலில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைக் காட்டிக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி மாமா இத்த காய வெச்சாரா?"

"ஆமா. போற அன்னிக்குக் காலைல டிரம்முல எறக்கி ஓட்டுனாரு. மோட்டாரு சூடாவாம இருக்க நான்தான் தண்ணி மொண்டு ஊத்துனேன்."

"அப்ப அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன். கேட்டாரு, மறைக்க முடியல."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"வேணாம்னுட்டாரு. அவனால தாங்க முடியாது, பொய் சொல்லிக்கினே இருக்கட்டும், அப்பதான் தெனம் வந்து பாப்பான்னாரு."

கிண்ணத்தை இருந்த இடத்தில் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினேன். ஒன்று மணலில் விழுந்தது, தேடி எடுத்து ஊதிப் போட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.