நூறு கண் வலையும் ஜசிந்தா ரீச்சரும்

1980ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஊர்காவற்றுறைக் கரையில் ஒரு பெண், திருக்கை மீன் பிடிக்கும் வலையொன்றைத் தடிகளில் விரித்துக் கட்டி, அதன் நூல்களில் சிவப்புத் துணித்துண்டுகளை முடிந்துகொண்டு நின்றார். நேர்த்திக்கடனாக்கும் என்று நினைத்துச் சிலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போனார்கள். அவரோ அணுக்கருவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜசிந்தா ரீச்சர் எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். தகப்பன் அருளப்பு கடற்றொழில் செய்பவர். 1968இல் ரீச்சருக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த கிழமையே தாய் படுக்கையில் விழுந்தார். ரீச்சர் போகவில்லை. பத்து வருடம் கழித்துத் தம்பி மரியநாயகம் பௌதிகம் படிக்க இங்கிலாந்து போனான். அங்கிருந்து அவன் அனுப்பிய கட்டுரைப் பிரதி ஒன்றில்தான் எல்லாம் தொடங்கியது.

புரோத்தனுக்குள் குவார்க்குகள் இருக்கின்றன. ஆனால் தனிக் குவார்க்கு ஒன்றை ஒருவரும் வெளியே கண்டதில்லை. இரண்டைப் பிடித்து விலக்கினால், மற்ற விசைகளைப் போலத் தூரத்தோடு தளராமல் அந்த விசை இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். ஏன் என்று கடதாசியில் கணக்குப் போட்டு முடிக்க முடியவில்லை. அதனால் வெளியையும் காலத்தையும் ஒரு வலையாக வைத்து, முடிச்சுக்கு முடிச்சு ஓடும் ஒவ்வொரு நூலிலும் ஓர் எண்ணைப் போட்டு, அந்த எண்களைச் சூதாட்டம் போல மாற்றி மாற்றிச் சராசரி பார்க்கிறார்கள். கட்டுரையின் ஓரத்தில் தம்பி எழுதியிருந்தான்: "இது கொம்பியூட்டர் வேலை அக்கா. கையாலை ஏலாது. வாசிச்சு ரசியுங்கோ."

"வாசிச்சு ரசிக்கவோ நான் பிறந்தனான்?" என்று ரீச்சர் ஆசிரியர் அறையில் கேட்டார். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். சரவணையிலிருந்து சைக்கிளில் வந்து தமிழ் படிப்பிக்கும் புது ஆள்; புதுக்கவிதை இதழ் ஒன்றுக்குள் முகத்தை வைத்திருந்தேன்.

"ஆவணியிலை மூண்டு கிழமை தம்பி வந்து நிக்கப்போறான். அவன் திரும்பிப் பஸ் ஏற முதல் ஒரு சரியான எண் காட்டவேணும். நீர் வந்து கொப்பி எழுதும். எண்ணேக்கை கதைக்கிற ஆக்களை வைச்சு வேலை செய்ய ஏலாது. நீர்தான் கதைக்கிறதே இல்லையே."

அவர் எடுத்தது மிகச் சின்ன வலை: பத்துக்குப் பத்து, நூறு கண். ஒரு நூலுக்கு இரண்டே நிலை. வெறுமையாக இருக்கலாம், அல்லது சிவப்புத் துணி கட்டியிருக்கலாம். ஒரு கண்ணின் நான்கு பக்கங்களில் சிவப்பு இரட்டைப்படையாக இருந்தால் அது நல்ல கண். ஒற்றைப்படை என்றால் கெட்ட கண். ஓரங்கள் இடைஞ்சல் தராதபடி வலது ஓரம் இடதோடும் மேலோரம் கீழோடும் சேர்ந்திருப்பதாகக் கணக்கு.

"இப்பிடி எல்லாப் பக்கமும் மூடினால் மீன் எங்காலை பிள்ளை வாறது?" என்று அருளப்பு கேட்டார்.

"உள்ளுக்கை கிடக்கிறது வெளியாலை வராது அப்பு. அதுதான் கதையே."

ஒவ்வொரு நூலும் இரண்டு கண்களுக்குப் பொது. இரண்டு கண்களும் நல்லதாக இருக்க அந்த நூல் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே அதை மாற்றவேண்டும். இரண்டும் வேறு வேறு கேட்டால் சோகி என்கிற கடற்சோழி ஒன்றை எறிந்து தீர்மானிக்கலாம். இரண்டும் ஒன்றையே கேட்டாலும் சிலவேளை நூல் சொற்கேளாமல் எதிராகப் போகவேண்டும், இயற்கை அப்படித்தான். அந்தக் குழப்படிக்கு ஆறு சோகி. ஆறில் ஒன்று மட்டும் வாய் திறந்து விழுந்தால், அதாவது தாயம் விழுந்தால், நூல் எதிராகப் போகும். அறுபத்து நாலு எறிவில் ஆறு தடவை அப்படி விழும்.

இந்தச் சின்ன வலைக்கு மட்டும் விடை கடதாசியிலேயே கிடைக்கும். ரீச்சர் போட்டு வைத்திருந்தார்: சராசரியாக நூறில் இருபத்து நாலு கெட்ட கண். வலையும் இருபத்து நாலு என்று சொன்னால் வலையை நம்பலாம். பிறகு கடதாசி எட்டாத பெரிய வலைகளுக்குப் போகலாம்.

சோகி எறிந்தவர்கள் இருவர். அருளப்புவும், அவருடைய தமக்கை அந்தோனியம்மா மாமியும். வலை வைக்கும் கொட்டிலான வாடியின் நிழலில் அவர்கள் எதிரெதிரே இருந்து பத்து எறிவுக்கு ஒருக்கால் கை மாறுவார்கள். வலையடியில் நின்று ரீச்சர் "அடுத்தது!" என்று கத்துவார். தாயம் என்றால் தாயம் என்றும், மற்றதென்றால் இல்லை என்றும் அவர்கள் கத்தவேண்டும். இருநூறு நூல் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலம். சுற்று முடிய ரீச்சர் கண்களை எண்ணுவார், நான் எழுதுவேன்.

கடைசிக் கிழமையின் புதன்கிழமை மட்டில் பதினைந்து சுற்று முடிந்தது. சராசரி பதினெட்டு.

ரீச்சர் கடதாசிக் கணக்கை மூன்று தரம் திரும்பப் போட்டார். இருபத்து நாலுதான். மரியநாயகம் வாடித் தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"கொம்பியூட்டர் களைக்காது அக்கா. ஆக்கள் களைப்பினம்."

"பொத்தடா வாயை," என்றார் மாமி. "ரெண்டு கிழமையா என்ரை முதுகு நாரியெல்லாம் முறியுது. நீ வந்து குந்தி இருந்து எறி பாப்பம்!"

ரீச்சர் துணிகளை அவிழ்க்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பஸ்.

ஒரு விடயத்தை முதல் நாளே நான் பார்த்திருந்தேன். அதுவும் விதியில் சேர்த்திதான் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன். வியாழன் காலையில், திறக்காது என்று ரீச்சர் நம்பிய என் வாயை ஒருவாறு திறந்தேன்.

"ரீச்சர்... மாமி சிலவேளை ரெண்டு தரம் எறியிறவ."

"என்னெண்டு?"

"தாயம் விழுந்தால் அள்ளித் திரும்ப எறியிறவ. பிறகு விழுந்ததைத்தான் சொல்லுறவ."

எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தாயம் விழுந்தால் இன்னொருக்கா எறியிறதுதானே! அறுபது வருசமா அப்பிடித்தானே விளையாடுறன். தாயம் போட்டிட்டு ஆர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது?"

அருளப்பு வாழ்நாளில் தாயம் விளையாடியதில்லை. அவருடைய எறிவுகள் சரி. மாமியின் கையிலிருந்து மட்டும் ஒரு தாயமும் வெளியே வரவில்லை. குழப்படி செய்யவேண்டிய நூல்களில் பாதி நல்ல பிள்ளைகளாக இருந்துவிட்டன. ரீச்சர் கொப்பியைப் பறித்து, நின்ற நிலையிலேயே தாயத்தின் அளவைப் பாதியாக்கிக் கணக்குப் போட்டார்.

"பதினெட்டு!" என்று கத்தினார். "பாதிக் குழப்படிக்குப் பதினெட்டுத்தான் வரவேணும்! வலை பிழைக்கேல்லை. மாமி பிழைச்சதைக்கூட வலை சரியாச் சொல்லிப்போட்டுது!"

தூணில் சாய்ந்து நின்ற மரியநாயகம் நிமிர்ந்தான். கொப்பியை வாங்கிப் பார்த்தான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சோகிக்குப் பக்கத்தில் குந்தினான்.

மூன்று நாளில் பதினாறு சுற்று. அயலெல்லாம் வந்தது. எறிய ஒருவர், துணி கட்ட இருவர், சரி பார்க்க ஒருவர். மாமியை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை. "கை தானாய்ப் போகுது, நான் என்ன செய்ய?" என்றார். கடைசியில் முதல் எறிவு வலைக்கு, இரண்டாவது எறிவு மாமியின் சொந்தத் திருப்திக்கு என்று முடிவானது. ஒவ்வொரு தாயத்துக்கும் கரையே "தாயம்!" என்று கத்தியது. வள்ளத்தில் போனவர்கள் என்ன பந்தயம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கடைசிச் சுற்றை எண்ணினோம். சராசரி இருபத்து நாலும் சொச்சமும்.

ரீச்சர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒண்டு கிடக்கு," என்றார்.

நான்கு கண் சேர்ந்த ஒரு சதுரத்தைச் சுற்றினால் எட்டு நூல். வரிசையாக நான்கு கண்ணைச் சுற்றினால் பத்து நூல். சுற்றளவுதான் முக்கியமென்றால் இரண்டுக்கும் விடை வேறுபடும். பரப்பளவென்றால் ஒன்றாகவே வரும். பரப்பளவென்றால், எவ்வளவு தூரம் விலக்கினாலும் இழுவை தளராது. குவார்க்கு வெளியே வராது. சுற்று முடிவுகளையெல்லாம் படமாகக் கொப்பியில் கீறி வைத்திருந்தோம். தம்பி சதுரங்களை எண்ணினான், ரீச்சர் வரிசைகளை எண்ணினார். சுற்றி வரும் நூலில் சிவப்பு ஒற்றைப்படையாக இருப்பவை நூற்றுக்கு எத்தனை?

"நாப்பத்தாறு," என்றான் அவன்.

"நாப்பத்தேழு," என்றார் அவர்.

மரியநாயகம் தமக்கையைத் தூக்கியே விட்டான். "ஒண்டுதான் அக்கா! ஒரு எண் சோகியின்ரை சில்லறைப் பிசகு. ரெண்டும் ஒண்டுதான்!"

"விடடா, ஆக்கள் பாக்கினம்!"

அருளப்பு வலையை அவிழ்க்கப் போனார். "இனி நான் தொழிலுக்குப் போகலாமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அப்பு. அடுத்தது ஒண்டுக்குமேலை ஒண்டா அஞ்சாறு வலை கட்டவேணும். அதுக்குக் கடதாசியிலை விடை இல்லை."

பஸ் இயந்திரம் உறுமத் தொடங்கியிருந்தது. மிதிபலகையில் நின்றுகொண்டு மரியநாயகம் கேட்டான்: "கொப்பியை நான் கொண்டுபோகட்டோ அக்கா?"

ரீச்சர் கொப்பியை நீட்டினார். "கொண்டுபோ. வாசிச்சு ரசிக்க இல்லை. பிழை பிடிச்சு எழுது."